வீட்டில் கிரனோலா செய்வது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு ஆண்டுகளாக, மாதத்திற்கு இரண்டு முறையாவது வீட்டில் கிரனோலா செய்துவருகிறேன். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் அதைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் செய்முறை கேட்டார்கள். செய்து பார்த்தவர்களோ சந்தேகங்களுடன் திரும்பி வந்தார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறவில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவற்றில் தொடங்கி இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிரனோலா என்றால் என்ன? மியூஸ்லியும் அதுவும் ஒன்றுதானே?

இரண்டிலும் ஓட்ஸ், கொட்டைகள், விதைகள், உலர்பழங்கள் இருப்பதால் அப்படித் தோன்றும். மியூஸ்லியில் பாகும் எண்ணெயும் சேர்ப்பதில்லை. கலவையைச் சுடுவதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் மாக்ஸிமிலியன் பிர்ஷெர்-பென்னர் என்ற மருத்துவர் 1900-ஆம் ஆண்டையொட்டித் தம் நோயாளிகளுக்குத் துருவிய ஆப்பிளுடன் ஊறவைத்த ஓட்ஸைக் கொடுத்தார். அதுவே மியூஸ்லியின் தொடக்கம். கிரனோலாவோ பாகிலும் எண்ணெயிலும் புரட்டி, மொறுமொறுப்பாகும்வரை ஓவனில் உலர்த்திச் சுடப்படுவது.

அதன் முன்னோடியும் ஒரு மருத்துவமனைச் சாப்பாடுதான். நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் ஊரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் 1863-இல் முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு, அதற்குக் ‘கிரனுலா’ என்று பெயரிட்டார். இரவு முழுவதும் பாலில் ஊறினால்தான் பல்லுக்கு இசையும் அளவுக்கு அது கடினமாக இருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மற்றொரு மருத்துவர் அதைப் போன்ற ஒன்றை அதே பெயரில் செய்யத் தொடங்க, பெயருரிமைச் சிக்கல் எழுந்ததால் ஓர் எழுத்தை மாற்றிக் ‘கிரனோலா’ என்றார். ஓட்ஸும் தேனும் கொட்டைகளும் சேர்ந்த இன்றைய வடிவம் 1960-களில்தான் அமெரிக்காவில் பரவியது.

முதல் முறையாகச் செய்கிறேன். எதை எவ்வளவு போட வேண்டும்?

நான் எப்போதும் கையாளும் அளவு இது: ஓட்ஸ் 300 கிராம், கொட்டைகள் 150 கிராம், விதைகள் 50 கிராம், வெல்லம் 100 கிராம், வெல்லத்தைக் கரைக்கத் தண்ணீர் 40 மில்லி, எண்ணெய் 80 மில்லி, உப்பு அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, கடைசியில் சேர்க்க உலர்திராட்சை 75 கிராம். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் இனிப்பு தட்டையாக, வெறும் இனிப்பாகவே நாக்கில் நிற்கும்.

பாதாமை இரண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். முந்திரி சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் பாதி நேரம் கடந்தபின் சேருங்கள். வேர்க்கடலை போடுவதாக இருந்தால் முன்னரே லேசாக வறுத்துத் தோல் நீக்கிவிடுங்கள். ஓட்ஸ், கொட்டை, விதை, உப்பு, பட்டைத்தூள் ஆகியவற்றை அகலமான பாத்திரத்தில் கலந்து, வெதுவெதுப்பான பாகையும் எண்ணெயையும் ஊற்றி, உலர்ந்த ஓட்ஸ் ஒன்றுகூடக் கண்ணில் படாத அளவுக்குப் புரட்டுங்கள். பிறகு பட்டர் பேப்பர் விரித்த தட்டில் பரப்பி, முன்னரே சூடேற்றிய ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் 30 முதல் 40 நிமிடம் வைத்து, இடையில் இரண்டு முறை கிளறிவிட்டால் போதும்.

கடையில் நாலைந்து விதமான ஓட்ஸ் இருக்கிறது. எதை வாங்குவது?

பொட்டலத்தில் ‘ரோல்டு ஓட்ஸ்’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். தோல் நீக்கிய முழு ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையில் அழுத்தித் தட்டையாக்குவதால் அது நம் கெட்டி அவலைப் போல இருக்கும்; பாகைத் தாங்கி நிற்கும்; உடையாது. சட்டென வேகும் ‘குயிக் ஓட்ஸ்’ மெல்லியது என்பதால் கிளறும்போதே நொறுங்கிப் பொடியாகிவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் ஒரே ஒரு முறை மட்டும் கிளறி, ஐந்து நிமிடம் முன்னதாக எடுத்துவிடுங்கள்.

மணியை வெட்டிய ‘ஸ்டீல் கட் ஓட்ஸ்’ இதற்கு ஆகாது. சுட்டபின் அது பல்லுக்குக் கல்லாகத்தான் இருக்கும். மசாலா சேர்த்த ஓட்ஸையும் தவிர்த்துவிடுங்கள்.

வெல்லமா, தேனா, சர்க்கரையா? பாகு என்ன பதத்தில் இருக்க வேண்டும்?

நான் வெல்லத்தையே விரும்புகிறேன். ஓட்ஸுக்கென்று பெரிய சுவை எதுவும் கிடையாது. அந்த வெறுமையை வெல்லத்தின் மணம் நிரப்பிவிடுகிறது. கருப்பட்டியும் மிக நன்றாக இருக்கும், சிறிது சுக்குத்தூளும் சேர்த்தால் இன்னும் நன்று. எதுவானாலும் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள். வடிகட்டியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் காரணம் தானே விளங்கும். தேன் என்றால் தண்ணீர் தேவையில்லை. ஆனால் அதிலுள்ள பழச்சர்க்கரை குறைந்த சூட்டிலேயே சிவந்துவிடும் என்பதால் வெப்பத்தை 140 டிகிரிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் தவறு செய்யும் இடம் பாகுதான். கடலை மிட்டாய் செய்து பழகிய கை, இங்கும் தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்கும் பதம்வரை பாகைக் காய்ச்சிவிடுகிறது. அந்தப் பாகு ஓட்ஸில் பட்டவுடன் இறுகி, நான்கைந்து கட்டிகள் மட்டும் இனிப்பாகவும் மற்றவை வெறும் ஓட்ஸாகவும் நின்றுவிடும். கிரனோலாவுக்குப் பாகு நீர்க்கவே இருக்க வேண்டும். வெல்லம் கரைந்து ஒரு கொதி வந்தால் போதும். நீரை வற்றவைத்துப் பாகைப் பதத்திற்குக் கொண்டுவருகிற வேலையை, ஒவ்வொரு ஓட்ஸின் மேலும் தனித்தனியாக, ஓவன் செய்துகொள்ளும்.

தேனைச் சூடாக்கினால் விஷம் என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா?

தேனைச் சூடாக்கி உண்ணக் கூடாது என்பது ஆயுர்வேத மரபின் விதி. அதை மதித்து நடப்பவர்கள் வீட்டில் வெல்லத்தால் செய்துவிடுங்கள், சுவையில் ஒரு குறையும் வராது. வேதியியலைக் கேட்டால், தேன் சூடேறும்போது அதன் மணமும் நொதிகளும் குறைகின்றன, ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபியூரால் என்ற சேர்மம் கூடுகிறது. இதே சேர்மம் வறுத்த காப்பிக்கொட்டையிலும் சுட்ட ரொட்டியிலும் இருக்கிறது. உணவில் சேரும் இத்தகைய அளவை யாரும் விஷம் என்று வகைப்படுத்துவதில்லை. ஆனால் விலை உயர்ந்த மலைத்தேனை வாங்கி அதன் மணத்தை ஓவனில் போக்கடிப்பது வீண். அதைத் தயாரான கிரனோலாவின் மேல், சாப்பிடும் நேரத்தில் விட்டுக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய் நல்லது? எண்ணெயே இல்லாமல் செய்ய முடியாதா?

தேங்காய் எண்ணெய் என் முதல் தேர்வு. அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும் இயல்புடையது. ஏலக்காயுடனும் வெல்லத்துடனும் அதன் மணம் இயல்பாகப் பொருந்தும். கடலை எண்ணெயும் நெய்யும் நன்றாகவே வரும். நல்லெண்ணெயின் மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுவதால், எள் சேர்த்த கிரனோலாவுக்கு மட்டும், அதுவும் பாதி அளவு, பயன்படுத்துங்கள்.

எண்ணெயே இல்லாமல் செய்தால் ஓட்ஸ் காய்ந்துபோகுமே தவிர மொறுமொறுப்பாகாது. மென்றால் மாவு தட்டும். எண்ணெய்தான் சூட்டை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்துகிறது, பாகை மெல்லிய படலமாகப் பரப்புகிறது. 80 மில்லியை 50 மில்லியாகக் குறைக்கலாம். அதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

நீங்கள் சொன்னபடி 150 டிகிரியில்தான் வைத்தேன். ஓரமெல்லாம் கருகி, நடுவில் ஈரமாக இருக்கிறதே?

வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறிய ஓவன்களில் கம்பிகள் தட்டுக்கு மிக அருகில் இருக்கும். திருகியில் 150 என்று காட்டினாலும் உள்ளே 20 டிகிரி கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது சாதாரணம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தட்டை நடு அடுக்கில் வையுங்கள். 140 டிகிரியில் தொடங்குங்கள். 12 நிமிடத்திற்கு ஒரு முறை ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்திற்கும் தள்ளி, தட்டையும் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள்.

இன்னொரு காரணம், தட்டில் அளவுக்கு மீறிக் குவிப்பது. ஒரு சென்டிமீட்டர் கனத்தைத் தாண்டினால் அடியிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியின்றி, கலவை வேகத் தொடங்கிவிடும். மேலே சொன்ன அளவு சிறிய ஓவனுக்கு அதிகம். இரண்டு பாகமாகப் பிரித்துச் சுடுங்கள்.

நேரம் முடிந்து எடுத்தபோதும் மெத்தென்றுதான் இருந்தது. மறுபடி உள்ளே வைத்தேன், கருகிவிட்டது. எப்போது எடுக்க வேண்டும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுவே. சூடாக இருக்கும்போது கிரனோலா ஒருபோதும் மொறுமொறுப்பாக இருக்காது. கடலை மிட்டாய்ப் பாகு அடுப்பில் ஓடுகிறது, ஆறியபின் படக்கென்று உடைகிறது. இங்கேயும் அதே பாகுதான், ஓட்ஸின் மேல் மெல்லிய படலமாக. ஆகவே மென்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நிறத்தையும் ஓசையையும் நம்புங்கள். தொடக்கத்தில் கிளறும்போது கலவை கரண்டியோடு சொதசொதவென்று நகரும், ஓசையே இருக்காது. இருபது நிமிடத்தில் மணம் எழும். ஆனால் அது இன்னும் எடுக்கும் நேரம் அல்ல. முப்பது நிமிடத்தைத் தாண்டிக் கிளறும்போது, சருகைக் காலால் ஒதுக்கினாற்போலத் தட்டில் சலசலவென்று ஒரு சத்தம் வரும். ஓட்ஸின் விளிம்பு வறுத்த ரவையைவிட ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருக்கும். அப்போது எடுத்துவிடுங்கள். தட்டின் சூட்டிலேயே அது மேலும் இரண்டு நிமிடம் சிவக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வெளியே வைத்து முழுதாக ஆற ஒரு மணி நேரம் ஆகும். அதன்பிறகும் மெத்தென்று இருந்தால் மட்டுமே, 140 டிகிரியில் ஐந்தைந்து நிமிடமாக மீண்டும் வையுங்கள்.

திராட்சை கல் மாதிரி ஆகிவிட்டது. என்ன செய்வது?

உலர்பழங்கள் எதுவும் ஓவனுக்குள் போகக் கூடாது. அவற்றில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு ஈரத்தையும் ஓவன் உறிஞ்சிவிடுவதால் முதலில் உப்பி, பிறகு கறுத்து, ஆறியதும் கல்லாகிவிடும். கிரனோலா முழுதாக ஆறியபின் கலந்துகொள்ளுங்கள். பேரீச்சையையும் அத்தியையும் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். ஆனால் பிசுபிசுப்பான பேரீச்சை தன் ஈரத்தை ஓட்ஸுக்குக் கொடுத்துவிடும் என்பதால், அதை மட்டும் நான் தனிப் புட்டியில் வைத்து, சாப்பிடும்போது சேர்த்துக்கொள்கிறேன்.

கடையில் வாங்குவது கட்டி கட்டியாக இருக்கிறது. என்னுடையது உதிரியாகவே வருகிறதே?

கட்டிகள் வேண்டுமென்றால் கிளறக் கூடாது. கலவையைத் தட்டில் பரப்பியபின் கரண்டியின் அடிப்பக்கத்தால் நன்றாக அழுத்துங்கள். கிளறுவதற்குப் பதில் பாதி நேரத்தில் தட்டை மட்டும் திருப்பி வைத்து, வெப்பத்தை 140 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். எடுத்தபின் ஆறும்வரை விரல்கூடப் படக் கூடாது. ஆறியபின் வேண்டிய அளவில் உடைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பெரிய கட்டிகளுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைவர அடித்து, பாகும் எண்ணெயும் கலந்து ஆறிய கலவையில் சேர்ப்பார்கள். முட்டை சேர்க்காதவர்கள், அளவிலுள்ள ஓட்ஸிலிருந்து மூன்று மேசைக்கரண்டி எடுத்து மிக்ஸியில் மாவாக்கிக் கலந்தால், அதன் மாவுச்சத்து பாகுடன் சேர்ந்து பசைபோலப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் செய்வது இந்த இரண்டாவது முறைதான்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. வாணலியில் செய்யலாமா?

செய்யலாம், உதிரியாக வரும், கட்டிகள் குறைவாக இருக்கும். அடி கனமான இரும்பு வாணலியில் பாதி அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸைச் சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் வெறுமனே வறுத்து எடுங்கள். கொட்டைகளையும் விதைகளையும் தனியாக வறுங்கள், ஏனெனில் எள் வெடித்துச் சிவக்கும் நேரத்தில் பாதாம் பாதிகூட வறுபட்டிருக்காது.

பாகு பற்றி முன்னர் சொன்னது இங்கே பொருந்தாது. நீரை வற்றவைக்க ஓவன் இல்லாததால், பாகை ஒரு கம்பிப் பதம்வரை காய்ச்சி, எண்ணெயைச் சேர்த்து, தீயைக் குறைத்து, வறுத்த எல்லாவற்றையும் கொட்டி, பிசுபிசுப்பு அடங்கும்வரை எட்டுப் பத்து நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். பிறகு உடனே அகலமான தட்டில் கொட்டிப் பரப்பி ஆறவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அடிச்சூட்டில் கருகும்.

நன்றாகத்தான் வந்தது. இரண்டே நாளில் நமத்துப்போய்விட்டது. ஏன்?

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அக்கா இதைக் கேட்டபடி எவர்சில்வர் டப்பாவை என்னிடம் நீட்டினார். மூடியைத் திறந்து திருப்பிப் பார்த்தால், உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கிரனோலா கைச்சூட்டில் இருக்கும்போதே மூடியிருக்கிறார். தொட்டால் சூடு தெரியாவிட்டாலும் குவியலின் நடுவில் வெப்பம் தங்கியிருக்கும். மூடியவுடன் அது நீராவியாக எழுந்து, மூடியில் படிந்து, திரும்பக் கிரனோலாவின் மேலேயே சொட்டும். ஒரு மணி நேரம் பரப்பி ஆறவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மற்றொரு காரணம் நம் ஊர்க் காற்று. வெல்லமும் தேனும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயல்புடையவை. கடற்கரை ஊர்களில், அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், திறந்து வைத்த தட்டு சில மணி நேரத்திலேயே நமத்துவிடும். அந்த மாதங்களில் பாதி அளவே செய்யுங்கள். ஆறியவுடன் ரப்பர் வளையமுள்ள கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, அன்றாடத் தேவைக்குச் சிறிய புட்டி ஒன்றை மட்டும் திறங்கள்.

நமத்துப்போனதைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

வேண்டாம். உலர்பழங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தட்டில் பரப்பி, 130 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து, முன்போலவே முழுதாக ஆறவிடுங்கள். பழைய மொறுமொறுப்பு திரும்பிவிடும். வாணலியில் சிறு தீயில் புரட்டியும் எடுக்கலாம். ஆனால் முகர்ந்து பார்க்கும்போது காறல் வாடை அடித்தால் அதை மீட்க வழியில்லை; கொட்டிவிடுங்கள்.

காறல் வாடை ஏன் வருகிறது? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

கொட்டைகளிலும் விதைகளிலும் உள்ள எண்ணெய், காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டுக் காறிப்போகிறது. நமத்துப்போவது ஈரத்தால் வருவது, காறிப்போவது காற்றால் வருவது. ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருக்கும் என்பதில்லை. அக்ரூட்டும் பொடித்த ஆளி விதையும் மற்றவற்றைவிட விரைவாகக் காறும். வாங்கும்போதே பழையதாக இருந்த கொட்டை ஒன்றே முழுப் புட்டியையும் கெடுத்துவிடும் என்பதால், கலப்பதற்கு முன் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள்.

நன்கு மூடிய புட்டியில், அடுப்புக்கு அருகில் இல்லாத அலமாரியில், மூன்று வாரம் வரை நான் வைத்துக்கொள்கிறேன். உறைபெட்டியில் மூன்று மாதம் வரை இருக்கும். அது உறைந்து கட்டியாவதில்லை என்பதால் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடலாம்.

ஓட்ஸ் வேண்டாம். அவல், கம்பு, தினை என்று நம் தானியங்களில் செய்ய முடியுமா?

முடியும், முழுத் தானியமாக அல்ல, அவலாகத் தட்டையாக்கியதாக இருந்தால். கெட்டி அவல், கம்பு அவல், சோள அவல் எல்லாம் பாகை நன்றாக ஏற்கும். அவை ஓட்ஸைவிட உலர்ந்தவை, மெல்லியவை. ஆகவே 140 டிகிரியில் 15 முதல் 20 நிமிடமே போதும், பாகும் கால் பங்கு குறைவாகப் பிடிக்கும். பாதி ஓட்ஸ், பாதி கம்பு அவல் என்று கலந்தால், ஓட்ஸைப் பத்து நிமிடம் முன்னதாக ஓவனில் வைத்துவிட்டு, பாகில் புரட்டிய அவலைப் பிறகு சேருங்கள். மெல்லிய அவலை விட்டுவிடுங்கள். அது தாள்போலச் சுருண்டுவிடும்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வெல்லம்தானே, சாப்பிடலாமா?

வெல்லம் என்பதால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தச் சர்க்கரையை அது சர்க்கரையைப் போலவே ஏற்றும். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற நல்ல நார்ச்சத்து உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது வெல்லத்தை ஈடுகட்டிவிடாது. மேலே கொடுத்த அளவில் செய்தது 100 கிராமுக்கு ஏறத்தாழ 490 கலோரி தரும். 40 கிராம் எடுத்தால் 200 கலோரியை ஒட்டி வரும், அதில் வெல்லம் மட்டும் ஐந்தரை கிராம் இருக்கும், திராட்சையின் இனிப்பு தனி.

வெல்லத்தை 50 கிராமாகக் குறைத்து, திராட்சையை விட்டுவிட்டு, பட்டைத்தூளைக் கூட்டினால் மொறுமொறுப்பு சற்றுக் குறையும், கட்டிகள் வராது, சுவை நன்றாகவே இருக்கும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள். கிண்ணத்தில் கண்ணளவாகக் கொட்டாமல், முதல் சில நாள் தராசில் நிறுத்துப் பாருங்கள். நான் 40 கிராம் என்று எண்ணி எடுத்துக்கொண்டிருந்தது 75 கிராமாக இருந்தது.

பேரனுக்குப் பத்து மாதம். பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஒரு வயது நிறையும்வரை குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிச நோய்க் கிருமியின் வித்துகள் வீட்டு ஓவனின் சூட்டில் அழிவதில்லை. வெல்லத்தால் செய்திருந்தாலும் முழுக் கொட்டைகள் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஐந்து வயதுவரை அவற்றை முழுதாகக் கொடுக்கக் கூடாது.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடலாமா?

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஓட்ஸில் இயல்பாக இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி மணிகள் அதனுடன் கலந்துவிடுவது சாதாரணம். குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட ஓட்ஸையே வாங்க வேண்டும்; அவர்களிலும் சிலருக்கு ஓட்ஸின் அவெனின் என்ற புரதமே ஒத்துக்கொள்வதில்லை என்பதால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. அவல் கிரனோலா பற்றி மேலே எழுதியிருக்கிறேன். அதுவும் ஒரு வழி.

மகள் கோவையில் விடுதியில் இருக்கிறாள். கூரியரில் அனுப்பினால் பொடியாகாமல் போய்ச் சேருமா?

உதிரிக் கிரனோலாவை அனுப்புங்கள்; கட்டிகள் வழியிலேயே உடைந்துவிடும். கண்ணாடிப் புட்டி வேண்டாம். கனமான ஜிப் பையில் கழுத்துவரை நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அந்தப் பையை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஆட்டம் காணாதபடி வையுங்கள். இடைவெளி இருந்தால் ஒரு துணித் துண்டைத் திணித்துவிடுங்கள். உள்ளே குலுங்க இடமிருந்தால்தான் பொடியாகும்.

திராட்சையும் நறுக்கிய பேரீச்சையும் தனிப் பொட்டலமாகப் போகட்டும். இரண்டு பெரிய பைகளைவிட, நான்கைந்து நாளுக்கு ஒன்று என நான்கு சிறிய பைகளாக அனுப்புங்கள்; விடுதி அறையில் ஒரு பை திறந்தபடி கிடந்து நமத்துப்போனாலும் மற்ற மூன்றும் மொறுமொறுப்பாகவே இருக்கும்.